சயாமுக்குப் போனவர்களும் நம் நினைவும்



ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பட்டணத்திற்குத் தெற்கே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் ரெங்கம். 1909-ஆம் ஆண்டில் ஜொகூர் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், அதன் இருமருங்கிலும் காடு அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் பால்மரம் சீவுவதற்குத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த அம்மக்களுக்கு ரயில் நிலையமே வெளியுலகின் வாசல். கப்பலில் வந்தவர் ரயிலேறித் தோட்டத்திற்கு வந்தனர். அதே வாசல் வழியாக ஒரு காலத்தில் வெளியே போனவர்களுள் பலர் திரும்பி வரவேயில்லை.

"எங்கள் தாத்தா சயாமுக்குப் போனார். வரவில்லை." இந்தப் பகுதியில் மட்டுமன்று, மலேசியாவின் எந்தத் தோட்டப்புறத்திற்குப் போனாலும் வயதானவர்கள் சொல்லக் கேட்கும் வாக்கியம் இது. பெரும்பாலான வீடுகளில் அதற்கு மேல் சொல்லப்படுவதில்லை. எந்த ஆண்டு போனார், யாரோடு போனார், எங்கே மாண்டார் என்று கேட்டால் விடை இல்லை. ஒரு பெருங்கொடுமையின் நினைவு, தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வரும்போது, இரண்டு சிறு வாக்கியங்களாகக் குறுகிவிடுகிறது. ஏன் இப்படி ஆயிற்று? அந்த இரண்டு வாக்கியங்களைக் கொண்டு நாம் என்ன செய்யலாம்? இன்றைய உரையில் இவ்விரண்டையும் ஆராய்வோம்.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாக நோக்குவோம்.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கிளந்தானில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகளோடு தொடர்பு அறுந்ததால் ரப்பரை வாங்க ஆளில்லை. துரைமார் ஓடிப்போயினர் அல்லது சிறைப்பட்டனர். பால்மரம் சீவிய கைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி குறைந்தது. லயத்துக் கொல்லைகளில் மரவள்ளிக்கிழங்கு நட்டு மக்கள் உயிர் பிழைத்தனர். துணி கிடைக்காமையால் சாக்கை உடுத்தியவர்களும் உண்டு.

பர்மாவில் போர் நடத்திய ஜப்பானியருக்குத் தளவாடமும் உணவும் அனுப்ப வழி வேண்டியிருந்தது. கடல்வழியில் நேசநாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களின் தொல்லை மிகுந்தது. எனவே சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை, மலையையும் காட்டையும் ஊடறுத்து 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப்பாதை போட முடிவு செய்தனர். 1942-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வேலை தொடங்கியது. இரு முனைகளிலிருந்தும் வந்த பாதைகள் 1943 அக்டோபர் 17-ஆம் நாள் சந்தித்தன. பல ஆண்டுகள் பிடிக்க வேண்டிய வேலை ஏறத்தாழ பதினாறு மாதங்களில் முடிக்கப்பட்டது. அந்த வேகத்திற்கு விலையாகக் கொடுக்கப்பட்டவை மனித உயிர்கள்.

அப்பாதையில் 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் உழைத்தனர். அவர்களுள் 12,000-க்கும் அதிகமானோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகை இதைப் போல் மும்மடங்கு. பர்மியர், மலாய்க்காரர், சீனர், ஜாவானியர், தமிழர் எனப் பல இனத்தவர் அதில் அடங்குவர். மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேர் கொண்டுபோகப்பட்டனர் என்றும், அவர்களுள் 40,000 பேரளவில் மாண்டனர் என்றும் போருக்குப் பிந்தைய மதிப்பீடுகள் கூறுகின்றன. அவர்களுள் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர். இன்னும் மிகுதியான தொகையைச் சொல்பவரும் உளர். ஆளுக்கு ஆள் கணக்கு வேறுபடுவது ஏன் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

ஆள் சேர்த்த விதம் இருவகைப்பட்டது. தொடக்கத்தில் ஆசை வார்த்தை. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவும் இடமும் இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லப்பட்டது. பட்டினி கிடந்தவர்கள் நம்பிப் போனார்கள். போனவர்களிடமிருந்து செய்தி வராமையால் ஆட்கள் தயங்கத் தொடங்கினர். 1943-இல் கட்டாயம் வந்தது. இத்தனை பேர் வேண்டும் என்று தோட்டங்களுக்குத் தொகை விதிக்கப்பட்டது. பெரட்டுக்களத்திலிருந்தும் சாலையிலிருந்தும் ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கொட்டகைக் கதவை மூடிப் பிடித்துச் சென்றதையும் மீண்டு வந்தோர் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

கூட்ஸ் வண்டியில் நான்கைந்து நாள் பயணம். அதன்பின் பல நாள் நடை. முகாமில் அத்தாப்புக் குடிசை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியது. போர்க்கைதிகளின் முகாம்களில் மருந்து இல்லாவிடினும் அவர்களுடைய இராணுவ மருத்துவர்கள் இருந்தனர், கட்டுப்பாடு இருந்தது, நாட்குறிப்பு எழுதுவோர் இருந்தனர். கூலி முகாம்கள் பெரும்பாலானவற்றில் இவற்றுள் எதுவும் இல்லை. மனைவி மக்களோடு போனவர்களும் அங்கே இருந்தனர். செத்தவர்களைப் புதைத்தவர்களும் சில நாளில் செத்தனர். யார் எங்கே கிடக்கிறார் என்று சொல்லத்தக்கவர் இல்லாமற் போனது இவ்வாறுதான்.

இனி, ரெங்கத்தின் இருப்புப்பாதைக்குத் திரும்பி வருவோம். அந்த ஒரே பாதையோரம் மூன்று துயரங்கள் கடந்து சென்றன. மூன்றும் மூன்று விதமாக நினைவில் நிற்கின்றன. இதைக் கூர்ந்து கவனித்தால் நம் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலாவது, 1942 ஜனவரி இறுதி. சிங்கப்பூரை நோக்கிப் பின்வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஒரு பிரிகேடு, ரெங்கத்திற்கும் லாயாங் லாயாங்கிற்கும் இடைப்பட்ட பகுதியில் வழி துண்டிக்கப்பட்டுச் சிதறியது. அப்படையணிகளின் தலைவர் மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ, ஜனவரி 28-ஆம் நாள் இருப்புப்பாதை வழியே முன்னால் சென்றபோது கொல்லப்பட்டார். இந்நிகழ்ச்சிக்கு நாள் உண்டு, இடம் உண்டு, இராணுவ ஏடுகளில் விவரம் உண்டு. கல்லறை கிடைக்காத போர்வீரர் 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்தில் செதுக்கப்பட்டுள்ளன. இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் அவற்றுள் உள்ளன.

இரண்டாவது, சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதிகளை ஏற்றிச் சென்ற வண்டிகள். 1943 ஏப்ரலில் மட்டும் 7,000 பேர் கொண்ட ஒரு பெருங்கூட்டம் பல வண்டிகளில் இவ்வழியே கொண்டுபோகப்பட்டது. அவர்களுள் மாண்டவர்களுக்குக் காஞ்சனபுரி, சுங்கை, தான்பியூசயாட் ஆகிய இடங்களில் ஒழுங்கான கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ஆம் நாள் ஆஸ்திரேலியர் அங்கே கூடி அஞ்சலி செய்கின்றனர். பேரனுக்குத் தாத்தாவின் கல்லைத் தொட்டுப் பார்க்க முடிகிறது.

மூன்றாவது, ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து போன நம் மக்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் அவர்கள் பெயர் ஒருகால் இருந்திருக்கும். போர்க்காலக் குழப்பத்தில் அப்புத்தகங்களுள் பலவும் அழிந்தன. கல்லறை இல்லை. இறந்த நாள் தெரியாது. ஒரு செய்தி நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். மாண்டவர்களுக்கெனத் தமிழ் எழுத்தில் பொறித்த கல்வெட்டு காஞ்சனபுரியில் 1944-ஆம் ஆண்டிலேயே எழுந்தது. எழுப்பியவர்கள், பாதையைப் போட்ட அதே ஜப்பானியப் படையினர். பல மொழிகளில் அமைந்த அந்நினைவுச் சின்னத்தில் தமிழும் ஒன்று. தனிப்பட்ட பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.

ஆகவே, பெயர், நாள், இடம் என்ற மூன்றும் இருந்தால் நினைவு பொதுச்சொத்தாகிறது. மூன்றும் இல்லையானால் அது வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நம்முடைய நினைவு வீட்டுக்குள் தங்கியது.

வீட்டுக்குள் அது எப்படித் தங்கியது? சாவு நடந்த வீட்டில் செய்ய வேண்டிய முறைகள் நம்மிடம் உண்டு. ஒப்பாரி உண்டு, காரியம் உண்டு, திதி உண்டு. அழுது தீர்ப்பதற்கென்றே நம் முன்னோர் இவற்றை வகுத்தனர். ஆனால் சாவுச் செய்தியே வராத வீட்டில் எதைச் செய்வது? கணவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத பெண் தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா? 1945-இல் போர் முடிந்ததும், 1946-இலும், மீண்டவர்கள் சிலர் எலும்பும் தோலுமாக வந்தனர். ஒருவர் வந்தால் மற்றவரும் வரலாம் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் பலர். காத்திருப்பவர்கள் ஒப்பாரி வைப்பதில்லை. ஒப்பாரி வைத்தால் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகும் அன்றோ? பாட்டிமாரின் மௌனத்திற்கு இதுவே முதற் காரணம் என்று நாம் கருதுகிறோம். அவர்கள் மறந்ததனால் பேசாதிருக்கவில்லை. முடியாத ஒன்றை முடிந்ததாகச் சொல்ல மனம் வராமையால் பேசாதிருந்தார்கள்.

ஆயினும் சொல்லில் வராதது செயலில் வந்தது. இறந்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் காரியம் செய்யலாம் என்பது நம் வழக்கம். தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படையல் போடும் வீடுகளில், சயாமுக்குப் போனவருக்கும் சேர்த்து இலை போடப்பட்டது. படம் இல்லை, நாள் இல்லை, இலை மட்டும் உண்டு. "இது யாருக்கு?" என்று குழந்தை கேட்கும். "சயாமுக்குப் போன தாத்தாவுக்கு" என்று விடை வரும். நினைவு கைமாறியது இந்த இடத்தில்தான்.

அடுக்களையிலும் அது கைமாறியது. தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் பாட்டிக்கு ஏன் அத்தனை கோபம் வந்தது? மரவள்ளிக்கிழங்கைச் சிலர் விரும்பி உண்பதும், சிலர் கையாலும் தொட மறுப்பதும் ஏன்? காரணம் தெரியாமலே பிள்ளைகள் அவ்வழக்கங்களைக் கற்றுக்கொண்டனர். பெட்டியின் அடியில் கட்டிவைத்த வாழைமர நோட்டும் அப்படியே. ஜப்பானியர் அச்சிட்ட அந்தப் பணம் 1945-இல் வெறும் காகிதமாயிற்று. கூலியாக வந்த காகிதத்தை எறியாமல் வைத்திருந்தது, தங்கள் உழைப்புக்கு அதைத் தவிர வேறு சாட்சி இல்லாமையால் போலும்.

வீட்டு நினைவு ஊர் நினைவாக வளராமற் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. போர் முடிந்து மூன்றாண்டு ஆகுமுன், 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. 1960 ஜூலை இறுதி வரை அது நீடித்தது. காட்டோரத்தில் வாழ்ந்த மக்கள் முள்வேலியிட்ட குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். ஜொகூரின் இப்பகுதி அதனால் பெரிதும் பாதிக்கப்பட்ட வட்டாரங்களுள் ஒன்று. தொழிற்சங்கத் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். நான்கு பேர் கூடிப் பழைய அநீதியைப் பேசினாலும் சந்தேகத்திற்குள்ளாகும் காலமாக அது இருந்தது. வாயைத் திறக்காமலிருப்பதே பிழைக்கும் வழி என்று மக்கள் கண்டனர். ஒரு கொடுமையைச் சொல்லித் தீர்க்குமுன் மற்றோர் அச்சம் வந்து அதை மூடிவிட்டது.

1967-ஆம் ஆண்டில் போர்க்கால உயிரிழப்புகளின் பொருட்டு ஜப்பான் மலேசியாவுக்கு 2½ கோடி வெள்ளி மதிப்புள்ள நல்லெண்ண உதவி தர உடன்பாடு ஏற்பட்டது. சரக்குக் கப்பல்களாக அது வந்து சேர்ந்தது. சீனச் சமூகத்தின் சங்கங்கள் இரத்தக் கடன் என்று பல ஆண்டுகள் போராடியதன் பயன் அது. சயாம் ரயிலில் மாண்டோரின் குடும்பங்களுக்குத் தனித்தனியே எதுவும் கிடைக்கவில்லை. கேட்பதற்கு அவர்களிடம் சங்கமும் இல்லை, பட்டியலும் இல்லை. அதே 1967-இல் சிங்கப்பூரில் ஜப்பானிய ஆட்சியில் மாண்ட பொதுமக்களுக்குப் பெரிய நினைவுத் தூண் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் பிப்ரவரி 15 அன்று அங்கே அஞ்சலி நடைபெறுகிறது. நாளும் இடமும் வாய்த்த நினைவுக்கும் வாய்க்காத நினைவுக்கும் உள்ள வேற்றுமையை மீண்டும் காண்கிறோம்.

வெளியுலகம் இந்தப் பாதையை அறிந்துகொண்டதும் ஒரு திரைப்படத்தின் வழியாகவே. "குவாய் ஆற்றின் மீதொரு பாலம்" என்ற பொருள்படும் ஆங்கிலப் படம் 1957-இல் வெளிவந்தது. பெரும்பகுதி இலங்கையில் எடுக்கப்பட்டது. அதில் வெள்ளைக்காரக் கைதிகளின் மானமும் பிடிவாதமும் பேசப்பட்டன. அவர்களைப் போல் மும்மடங்கினராக உழைத்த ஆசியத் தொழிலாளரின் கதை அதில் இடம்பெறவில்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் பட்டணத்துக் கொட்டகையில் அப்படத்தைப் பார்த்திருப்பார்கள். அது தங்கள் தாத்தா போன இடம் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

பிரெஞ்சு அறிஞர் மொரீஸ் அல்ப்வாக்ஸ் 1925-இல் எழுதிய நூலில் ஒரு கருத்தை வலியுறுத்தினார். மனிதன் தனியே நினைவு கொள்வதில்லை. தான் வாழும் கூட்டத்தின் துணைகொண்டே நினைக்கிறான். கூட்டம் கலைந்தால் நினைவும் கலையும் என்பது அவர் கருத்தின் சாரம். அவரே 1945-இல் நாஜிகளின் புக்கன்வால்டு முகாமில் மாண்டார். அவர் கூறியதைத் தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம். லயத்து வாசலில் மாலைநேரத்தில் கூடிப் பேசிய கூட்டம்தான் நம் நினைவின் வீடு. "இந்த லயத்திலிருந்து இன்னார் போனார், அந்த லயத்திலிருந்து இன்னார் போனார்" என்று ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுக்க முடிந்தது. பிற்காலத்தில் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, வீட்டு மனைகளாயின. மக்கள் குளுவாங்கிற்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். லயங்கள் இடிந்தன. எடுத்துக்கொடுக்கும் வாய்கள் திசைக்கொன்றாயின. ஒவ்வொரு குடும்பமும் தன் தாத்தா ஒருவர்தாம் போனார் என்று எண்ணும் நிலை வந்தது. தனித்துயரமாகச் சுருங்கிய பொதுத்துயரம் இது.

ஜெர்மானிய அறிஞர் யான் அஸ்மன் இன்னொன்றைச் சொன்னார். வாய்மொழியாகக் கைமாறும் நினைவுக்கு ஆயுள் எண்பது முதல் நூறு ஆண்டு. மூன்று அல்லது நான்கு தலைமுறை. அதற்குள் எழுத்திலோ கல்லிலோ சடங்கிலோ இடம் பெறாத நினைவு மறைந்துபோகும். 1943-ஐயும் இன்றைய ஆண்டையும் கழித்துப் பாருங்கள். எண்பதைக் கடந்துவிட்டோம்.

நல்ல வேளையாக மூன்றாம் தலைமுறை கேட்கத் தொடங்கியிருக்கிறது. இதற்கு வழிகாட்டியவர்கள் நம் எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்" நாவலும், அ. ரெங்கசாமியின் "நினைவுச் சின்னம்" நாவலும் ஏட்டில் இல்லாத வரலாற்றைக் கதையில் ஏற்றிவைத்தன. மீண்டு வந்த முதியோரைத் தேடிச் சென்று அவர்கள் வாய்மொழியைப் பதிவுசெய்தவர்களும் உளர். 1990-ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் பெருங்குழியொன்றிலிருந்து நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவை ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதப்பட்டது. 2025-ஆம் ஆண்டில் அதே காஞ்சனபுரியில் மாண்ட தமிழர்களுக்காக நடுகல் ஒன்று எழுப்பப்பட்டது. போரில் பட்ட வீரனுக்குப் பெயரும் பீடும் எழுதிக் கல் நடுவது சங்ககாலம் தொட்டு நம் மரபு. கூலியாகப் போய் மாண்டவனுக்கும் அந்தச் சிறப்பு உரியது என்று சொல்வதற்கு எண்பது ஆண்டு தேவைப்பட்டது.

ஆனால் தாமதமாக வரும் நினைவுக்குச் சில ஆபத்துகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஒன்று, எண்ணிக்கை. கணக்கு இல்லாத இடத்தில் தொகை வளர்ந்துகொண்டே போகும். ஒருவர் நாற்பதாயிரம் என்றால் அடுத்தவர் ஓர் இலட்சம் என்பார், அதற்கடுத்தவர் இரண்டு இலட்சம் என்பார். பெரிய எண் சொன்னால்தான் உலகம் கேட்கும் என்ற ஏக்கம் இதில் இருக்கிறது. ஆயினும் ஆதாரமில்லாத எண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றையும் பொய் என்று தள்ளுவோர் உண்டு. மதிப்பீட்டை மதிப்பீடு என்றே சொல்வோம். நாற்பதாயிரம் என்பது சிறிய தொகையா?

இரண்டு, பழி. தோட்டங்களில் ஆள்பட்டியலை எழுதிக் கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் நம்மவர்களே, கிராணிமாரும் கங்காணிமாரும். அவர்களுள் சிலர் தமக்கு வேண்டியவரை விலக்கி வேண்டாதவரைச் சேர்த்தனர். சிலர் வாளுக்கு அஞ்சி எழுதினர். சிலர் ஆட்களை முன்கூட்டியே எச்சரித்துக் காட்டுக்கு அனுப்பினர். பட்டியலில் பெயர் இருந்தவனின் வீட்டில் ஒரு மௌனம் இருந்ததுபோல், பட்டியல் எழுதியவனின் வீட்டிலும் ஒரு மௌனம் இருந்தது. பின்னதை யாரும் கேட்பதில்லை. அதையும் சேர்த்தால்தான் வரலாறு முழுமை பெறும். இன்றைய பேரனைக் குற்றவாளியாக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அச்சமும் பசியும் ஆட்சி செய்யும்போது நல்லவர்களும் என்ன செய்ய நேரும் என்பதை அறிந்துகொள்வதே பயன்.

மூன்று, பகை. ஜொகூரில் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர். 1982-இல் அரசு கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தபின் ஜப்பானில் படித்து வந்தோரும் உளர். அவர்களிடம் இந்த வரலாற்றைச் சொல்வது பகையை ஊட்டுவதாகுமா? ஆகாது. நடந்ததை நடந்தவாறு சொல்வது வேறு, கணக்குத் தீர்க்கத் தூண்டுவது வேறு. முன்னதைச் சொல்லாமல் மறைத்தால்தான் அரைகுறைச் செய்திகள் பகையாகத் திரியும்.

தாயகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வோம். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளரின் குடும்பத்தார் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். நீதிமன்றம் நிலவுடைமையாளரை விடுவித்தது. அங்கும் எளியவரின் குரல் எடுபடாமற் போயிருக்கலாம். ஆனால் மாண்ட 44 பேரின் பெயர்களும் தெரியும், எரிந்த இடம் தெரியும், நாள் தெரியும். அவ்விடத்தில் நினைவிடம் எழுந்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று மக்கள் அங்கே திரள்கின்றனர். அந்த இரவுக்குப் பின் பிறந்தவர்களும் பெயர்களைச் சொல்லி அஞ்சலி செலுத்துகிறார்கள். நீதி கிடைக்காத இடத்திலும் நினைவு நிலைக்கலாம் என்பதற்கு அது சான்று. அதற்கு அடிப்படை, பெயர்கள் எழுதப்பட்டமையே.

ஆகவே, ரெங்கத்திலும் ஏனைய தோட்டப்புறங்களிலும் வாழும் நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு வாக்கியங்களை அற்பமாக எண்ணாதீர்கள். அதுவும் ஓர் ஆவணமே. அதை விரித்தெழுத முடியும். வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்தால் அருகில் அமர்ந்து கேளுங்கள். "எந்த ஆண்டு?" என்று தொடங்க வேண்டாம். அப்படிக் கேட்டால் "எனக்கென்ன தெரியும், நான் படித்தவளா?" என்ற விடைதான் வரும். வேறு விதமாகக் கேளுங்கள். தாத்தா போனது தீபாவளிக்கு முன்னா, பின்னா? தைப்பூசத்திற்குக் காவடி எடுத்த ஆண்டா? மழைக்காலமா, இலையுதிரும் காலமா? அப்போது அப்பா தவழ்ந்தாரா, நடந்தாரா? எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம்? எந்த நிலையத்தில் ரயிலேறினார்? அதே வண்டியில் வேறு யார் போனார்? திரும்பி வந்தவர் யாரேனும் அவரைக் கண்டதாகச் சொன்னாரா? பட்டியல் எழுதிய கிராணி யார்?

இவ்விடைகளைக் கொண்டு மாதத்தையும் ஆண்டையும் ஓரளவு கணித்துவிடலாம். பால்மரங்கள் இலையுதிர்ப்பது ஆண்டின் முதல் மாதங்களில். அந்தக் காலத்தில் போனதாகச் சொன்னால் 1943-இன் தொடக்கமாக இருக்கலாம் என்று ஒரு தடயம் கிடைக்கும். முக்கியமானது கடைசியில் சொன்ன வினாக்கள். "கூடப் போனவர் யார்?" என்று கேட்டவுடன் ஒரு வீட்டின் நினைவு மறுவீட்டுக் கதவைத் தட்டுகிறது. பத்து வீட்டாரின் விடைகளைச் சேர்த்தால் ஒரு லயத்தின் பட்டியல் கிடைக்கும். பத்து லயத்தைச் சேர்த்தால் ஒரு தோட்டத்தின் பட்டியல். கலைந்த கூட்டத்தைத் தாளிலாவது மீண்டும் கூட்டலாம். கோயிலிலோ தமிழ்ப்பள்ளியிலோ அந்தப் பட்டியலின் படி ஒன்று இருக்கட்டும்.

மௌனமாக இருப்பவர்களை வற்புறுத்த வேண்டாம். சிலருக்குப் பேசாதிருக்கும் உரிமை உண்டு. அவர்கள் பேசாவிட்டாலும் படையலுக்கு எத்தனை இலை போடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதையும் எழுதி வையுங்கள்.

இன்று ரெங்கம் வழியே இரட்டைத் தண்டவாளமும் மின்கம்பிகளும் வந்துவிட்டன. பழைய கூட்ஸ் வண்டி ஊர்ந்த வழியில் புதிய வண்டி விரைகிறது. அதில் போகும் இளைஞர் ஒருவர், தன் பாட்டனாரும் இந்த வழியேதான் போனார் என்றும், அவருடைய பெயர் இன்னது என்றும், இன்னின்னாரோடு போனார் என்றும் சொல்ல முடிந்தால், எண்பது ஆண்டாகத் திரும்பி வராதவர் அந்த அளவுக்கேனும் ஊர் திரும்பியவர் ஆவார். அந்தப் பெயரை எழுதிவைக்கும் வேலையை வருகிற தீபாவளிப் படையலுக்கு முன் தொடங்குவோமாக.